தோல் கழலை நோய் இடர் மதிப்பீடு: தரவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கேரள எல்லையை ஒட்டிய பகுதியில் கால்நடை உதவி மருத்துவராக இருக்கிறேன். மாட்டின் தோலில் கட்டி கட்டியாகக் கிளம்பும் தோல் கழலை நோய் எங்கள் கோட்டத்துக்குள் வந்து பரவ எவ்வளவு வாய்ப்பு என்று இடர் மதிப்பீடு ஒன்று தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தகப் பதிவேடு, தடுப்பூசிக் கணக்கு, கால்நடைக் கணக்கெடுப்பு என்று ஏகப்பட்ட எக்செல் கோப்புகள் கையில் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது, எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்:

முதலில் அந்தக் கோப்புகளை எல்லாம் மூடி வையுங்கள். கையில் இருக்கும் தரவிலிருந்து தொடங்கினால், அந்தத் தரவு எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்லும் அறிக்கைதான் கிடைக்கும். உங்களிடம் கேட்கப்பட்டது வேறாக இருக்கும். அதனால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கேள்வியை முழுதாக எழுதுங்கள். எந்த நோய், எந்த வழியாக, எந்த இடத்துக்குள், எந்தக் காலத்துக்குள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உதாரணமாக: "அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாரச் சந்தைக்கு வரும் மாடுகள் வழியாகத் தோல் கழலை நோய்க் கிருமி இந்தக் கோட்டத்துக்குள் நுழைந்து, குறைந்தது ஓர் உள்ளூர் மாட்டுக்காவது தொற்றும் வாய்ப்பு எவ்வளவு?" இப்படி எழுதிய பிறகுதான் எந்தத் தரவு வேண்டும், எது வேண்டாம் என்பதே தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் கிருமி வரும் பாதையை வரையுங்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிமுறை இடர் மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: கிருமி நுழைவது, உள்ளூர் கால்நடைக்குத் தொற்றுவது, அதனால் வரும் விளைவு, கடைசியில் மூன்றையும் சேர்த்து இடரைக் கணிப்பது. நாடு விட்டு நாடு வரும் இறக்குமதிக்காக எழுதப்பட்டது என்றாலும் ஒரு கோட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும். வெளியூரில் நோயுள்ள மாடு ஒன்று இருக்கிறது, வியாபாரி அதை வாங்குகிறார், லாரியில் ஏற்றும்போது அறிகுறி தெரியவில்லை, சந்தையில் நிற்கிறது, உள்ளூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போகிறார், அவர் தொழுவத்தில் ஈ கடிக்கிறது, பக்கத்துத் தொழுவத்துக்குப் போகிறது. இவற்றை அம்புக்குறிகளால் இணைத்து, ஒவ்வொரு அம்புக்குறிக்குக் கீழேயும் "இது நடக்க எவ்வளவு வாய்ப்பு, அதை எந்தத் தரவு சொல்லும்?" என்று எழுதுங்கள். எந்த அம்புக்குறிக்கும் பதில் சொல்லாத தரவை, எவ்வளவு அழகாகத் தொகுக்கப்பட்டிருந்தாலும், இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

இந்த நோயைப் பொறுத்தவரை பாதையில் ஓர் இடத்தில் கூடுதலாக நின்று யோசிக்க வேண்டும். கிருமி தொற்றிய எல்லா மாட்டிலும் கழலை வருவதில்லை. சோதனைச் சாலையில் வேண்டுமென்றே தொற்ற வைத்தபோதுகூட ஏறத்தாழ பாதி மாடுகளில்தான் உடல் முழுக்கக் கழலை தெரிந்தது. மற்றவற்றின் ரத்தத்திலும் கிருமி சில நாட்கள் இருக்கலாம். ஆகவே சந்தை வாசலில் மாட்டைப் பார்த்து அனுப்பும் சோதனை எத்தனை மாட்டைத் தடுக்கும் என்பதைப் பாதியைத் தாண்டி மதிப்பிடாதீர்கள். கழலை புதிதாகக் கிளம்பும் கட்டத்தில், முடி அடர்ந்த மாட்டில், கூட்ட நெரிசலில் பார்த்தால் அதுவும் குறையும்.

இனி தரவுக்கு வருவோம். ஏறக்குறைய எல்லா இடத்திலும் விடுபடுவது வகுக்கும் எண்தான். மருந்தகப் பதிவேடு எத்தனை மாட்டுக்கு நோய் என்று சொல்லும். எத்தனை மாட்டில் என்று சொல்லாது. ஓர் ஊரில் 12 மாட்டுக்கு நோய், இன்னோர் ஊரில் 4 மாட்டுக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் 1,200 மாடுகள், இரண்டாவதில் 80 மாடுகள் என்றால் முன்னதில் நூற்றுக்கு 1, பின்னதில் நூற்றுக்கு 5. கவனம் எங்கே போக வேண்டும் என்பது தலைகீழாகிவிடுகிறது. இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு 2019ஆம் ஆண்டு நிலவரம். அதன்படி தமிழகத்தில் 95 லட்சம் மாடுகள். மாநில அளவில் இது போதும். ஊர் அளவில் நம்பி வகுக்க முடியாது. தடுப்பூசி முகாமில் எழுதிய எண்ணிக்கை, பால் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், காதுவில்லைப் பதிவு (மாட்டின் காதில் மாட்டும் அடையாள எண்) ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒத்துப்போகாது. அதற்காக ஒன்றை மட்டும் சரி என்று தேர்ந்தெடுக்காமல், குறைந்த எண்ணையும் கூடிய எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு போடும்போது இரண்டும் தேவைப்படும்.

அடுத்தது நகர்வு. எனக்குக் கேட்டால், மாடு எங்கிருந்து எங்கே போகிறது என்ற தரவுக்குத்தான் உங்கள் நேரத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். ஏன் என்பதற்கு 2001இல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். அது கோமாரி, நோய் வேறு, பாடம் ஒன்றே. அந்த ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி எஸ்ஸெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளின் கால்களில் கொப்புளம் இருந்ததை ஒரு கால்நடை மருத்துவர் கண்டார். மறுநாள் கோமாரி என்று உறுதியானது. ஆனால் நோய் அதற்கு முன்பே நார்தம்பர்லாந்தில் ஹெடன் ஆன் த வால் என்ற ஊரின் பன்றிப் பண்ணையிலிருந்து பக்கத்துச் செம்மறி ஆடுகளுக்குப் போய்விட்டது. அந்த ஆடுகள் ஹெக்ஸாம் சந்தைக்குப் போயின, அங்கிருந்து லாங்டவுன் சந்தைக்கு, அங்கிருந்து நாடு முழுக்க. முதல் நோய் உறுதியான நாளிலேயே குறைந்தது 57 பண்ணைகளில் கிருமி இருந்தது என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது. நடமாட்டத் தடை பிப்ரவரி 23இல்தான் வந்தது. கடைசியில் நோய் உறுதியான பண்ணைகள் 2,026; கொல்லப்பட்ட கால்நடைகள் 60 லட்சத்துக்கும் மேல்.

அந்த நாட்டில் தரவே இல்லை என்று சொல்ல முடியாது. 1998 முதலே ஒவ்வொரு மாட்டின் நகர்வையும் கணினியில் பதிந்துகொண்டிருந்தார்கள். செம்மறி ஆட்டுக்கு அப்படித் தனித்தனிப் பதிவு கிடையாது. சந்தையில் வாங்கி அன்றைக்கே கைமாற்றிய ஆடுகள் பலவற்றுக்கு எந்தத் தாளிலும் தடம் இல்லை. நோய் போனது பதிவில்லாத அந்த வழியில்தான். தரவு நிறைய இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்து "நம்மிடம் எல்லாம் இருக்கிறது" என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் பகுதியில் நிலைமை என்ன? பொள்ளாச்சி போன்ற சந்தைக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரா, கர்நாடகத்திலிருந்தும் மாடுகள் வருகின்றன. பெரும்பகுதி கேரளாவுக்குப் போகிறது. கைமாறும் ஒவ்வொரு மாட்டுக்கும் காதுவில்லை எண்ணைப் பதிவது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் தரவு வேறு வடிவில் கிடக்கிறது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் ரசீது இருக்கும். அதிலிருந்து வாரத்துக்கு எத்தனை தலை என்று தெரியும். எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிப் பதிவு இருக்கும். எங்கிருந்து வந்தது என்பதற்கு லாரி ஓட்டுநர்களையும் தரகர்களையும் கேட்பதுதான் வழி. விலையையே துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் தொழில் அது. கையில் நோட்டுடன் போய் நின்று, மாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று ஆரம்பித்தால் ஒன்றும் வராது. "இந்த மாதம் எந்தப் பக்கத்து மாடு அதிகம் வருகிறது, போன பொங்கலுக்கு எப்படி இருந்தது" என்று கேட்டால் சொல்வார்கள். சந்தை கூடும் நாள் ஒவ்வொன்றிலும் போய் எல்லா வண்டியையும் எண்ண வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு சந்தை நாளில், வந்து நிற்கும் வண்டிகளில் ஐந்துக்கு ஒன்று என்று எடுத்துக் கேளுங்கள். ஆனால் அதே முறையில், விடாமல். ஒரு வருடம் ஓடினால் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பது கைக்கு வந்துவிடும். கோயில் திருவிழாச் சந்தைகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்; வழக்கமாக வராத ஊர் மாடுகள் அப்போதுதான் வந்து கூடுகின்றன.

நோய்த் தகவல் பக்கம் இரண்டு விஷயங்கள். ஒன்று, வெற்றுக் கட்டம். ஓர் ஊருக்கு நேராக எதுவும் எழுதவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று அர்த்தமா, யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தமா? பூஜ்யத்தையும் வெற்றிடத்தையும் கலந்துவிட்டால் அந்த அட்டவணையை அதன் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. ஆகவே "பார்த்தோம், இல்லை" என்பதற்கு 0. "பார்க்கவில்லை" என்பதற்கு அதையே சொல்லாக எழுதுங்கள். எத்தனை மாட்டைப் பார்த்து இல்லை என்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 300 மாட்டைப் பார்த்து ஒன்றிலும் இல்லை என்றாலும், நூற்றுக்கு 95 பங்கு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது "இருந்தாலும் 1 சதவீதத்தைத் தாண்டாது" என்பதே. மூன்றைப் பார்த்த எண்ணிக்கையால் வகுத்தால் இந்த உச்ச வரம்பு வரும். 30 மாட்டைப் பார்த்திருந்தால் வரம்பு 10 சதவீதம். ஒருவர் "எங்கள் பகுதியில் நோயே இல்லை" என்று சொல்லும்போது நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனையைப் பார்த்தீர்கள் என்பதுதான். இதுகூட, பார்த்தால் நோய் தெரிந்துவிடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. இந்த நோயில் அப்படி இல்லை என்று மேலே சொன்னேன். ஆக உண்மையான வரம்பு இன்னும் மேலே இருக்கும்.

இரண்டு, யார் உங்களிடம் வருகிறார்கள் என்பது. சந்தையை மூடிவிடுவார்களோ, பாலை வாங்க மாட்டார்களோ என்ற பயத்தில் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுத்து, வேப்பிலையும் மஞ்சளும் பூசி வீட்டிலேயே பார்த்துக்கொண்டவர்களும் மருந்தகத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். 2022இல் குஜராத், ராஜஸ்தான் தொடங்கி நாடு முழுக்கப் பரவியபோது அரசுக் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாடுகள் இறந்தன. அது பதிவான சாவு. உங்கள் பதிவேட்டுக்கும் இதே குறை உண்டு. இரண்டு மூன்று ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டு, பதிவேட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். வீட்டுக் கணக்கில் 20, பதிவேட்டில் 8 என்றால், பதிவேடு பத்துக்கு நான்கைத்தான் பிடிக்கிறது. இந்த விகிதம் கையில் இருந்தால் மற்ற ஊர்களின் எண்களையும் ஓரளவு திருத்திப் படிக்கலாம். விவசாயியைக் குற்றம் சொல்லும் தொனி மட்டும் வந்துவிடக் கூடாது. மாடு அவருக்கு மாதாந்திர வருமானம்; பயப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது.

தேதி விஷயத்திலும் கறாராக இருங்கள். முதல் அறிகுறி தெரிந்த நாள், தகவல் வந்த நாள், மாதிரி எடுத்த நாள், பிசிஆர் (கிருமியைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) முடிவு வந்த நாள் என்று அட்டவணையில் நான்கு தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) வேண்டும். பெரும்பாலான பதிவுகளில் ஒரே ஒரு "தேதி" இருக்கும், அது எந்தத் தேதி என்று எழுதியவருக்கே மறந்திருக்கும். பரவலைக் கணக்கிட முதல் அறிகுறி நாள்தான் உதவும். இந்த நோயின் அடைகாலத்தை, அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும் வரையான காலத்தை, சர்வதேச நெறிமுறை 28 நாட்கள் என்று வைத்திருக்கிறது. மாடு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடும்போது முதல் அறிகுறி நாளிலிருந்து 28 நாள் பின்னால் போக வேண்டும். அறிகுறிக்கும் தகவலுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஒரு தரவுதான். 2 நாளாக இருந்தது 10 நாளாகிறது என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ சரியில்லை, ஒருவேளை பணியிடம் காலியாக இருக்கலாம்.

தடுப்பூசிக் கணக்கில் வழங்கிய டோஸ் எண்ணிக்கையை எதிர்ப்புச் சக்தி உள்ள மாடுகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குப்பி உடைந்தது, மருந்து குளிர் விட்டுக் கெட்டது, ஊசி போட்டு மூன்று வாரத்துக்குள் நோய் தொற்றியது, போட்ட மாட்டை விற்றுவிட்டுப் புது மாடு வாங்கியது எல்லாம் நடுவில் இருக்கின்றன. ஆட்டு அம்மைத் தடுப்பூசியைத்தான் மாடுகளுக்குப் போட்டோம் என்பதால், எந்த மருந்து, எந்தத் தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண், எந்த நாள் என்று கண்டிப்பாகப் பதியுங்கள். பால்கன் நாடுகளில் 2016இல் 7,483 இடங்களில் வந்த இந்த நோய் 2017இல் 385 இடங்களாகக் குறைந்தது; பெருந்திரளாகத் தடுப்பூசி போட்டது காரணம். அந்த நாடுகளின் விவரங்கள் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒன்றாகத் திரட்டப்பட்டதால்தான் அந்தக் குறைவை எல்லோரும் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

ஈ, கொசு, உண்ணி பற்றி உங்களிடம் எந்த அளவீடும் இருக்காது. பரவாயில்லை. மழை அளவு, சாணக் குவியல் எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கிறது, மாட்டுக்காரர்கள் எந்த மாதம் ஈத் தொல்லை என்கிறார்கள் என்பவற்றை வைத்து மாதங்களைக் கூடுதல், குறைவு என்று பிரித்தால் முதல் மதிப்பீட்டுக்குப் போதும்.

ஒழுங்குபடுத்துவதற்கு வருகிறேன். ஒரே பெரிய அட்டவணை வேண்டாம். ஊர்கள் ஓர் அட்டவணை, கால்நடை எண்ணிக்கை ஓர் அட்டவணை, நோய் நிகழ்வு ஒன்று, நகர்வு ஒன்று, தடுப்பூசி ஒன்று, ஆய்வக முடிவு ஒன்று. எல்லாவற்றையும் இணைப்பது ஊர்க் குறியீடு. ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் நாலு தாலுகாவில் ஊர் இருக்கும், ஒரே ஊரை ஏழு விதமாக எழுதியிருப்பார்கள். மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் குறியீட்டு எண் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். ஒரு வரிசையில் ஒரு நிகழ்வு மட்டும். கட்டங்களை இணைப்பது, நிறத்தால் அர்த்தம் சொல்வது, ஓரத்தில் குறிப்பெழுதுவது எதுவும் கூடாது.

காதுவில்லை எண் 12 இலக்கம். எக்செல்லில் அதை எண்ணாக விட்டால் நடுவில் புள்ளி வைத்து, பின்னால் ஒரு ஆங்கில எழுத்தோடு சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். ஆகவே தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் 3/4 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற சண்டை வராது. ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: உங்கள் பகுதியில் அட்சரேகை 10, 11ஐ ஒட்டியும் தீர்க்கரேகை 77ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதிய மாடு வரைபடத்தில் ஆர்க்டிக் கடலுக்குள் நிற்கும்.

ஒவ்வொரு வரிசைக்கும் இன்னும் மூன்று பத்திகள் அவசியம்: யார் சொன்னது, எப்போது வாங்கியது, எவ்வளவு நம்பலாம். கடைசிப் பத்தியான நம்பகத்துக்கு ஆய்வக முடிவு, மருத்துவர் நேரில் பார்த்தது, கேள்விப்பட்டது என்று மூன்று தரம் போதும். வந்த கோப்பை வந்தபடியே ஓரிடத்தில் பூட்டி வைத்து, திருத்தங்களைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். விவசாயியின் பெயரும் தொலைபேசி எண்ணும் தனிக் கோப்பில், உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். மதிப்பீட்டுக் கோப்பு பல கைகளுக்குப் போகும்.

இதெல்லாம் சேர்ந்த பிறகு கணக்கு சின்னதுதான். வாரத்துக்கு 500 மாடு வருகிறது, வெளியூரில் ஆயிரத்தில் ஒரு மாட்டுக்குத் தொற்று என்று வைத்தால், அந்த வாரத்தில் குறைந்தது ஒரு தொற்றுள்ள மாடாவது வர வாய்ப்பு 39 சதவீதம். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 5 சதவீதம். நூற்றில் ஒன்று என்றால் 99 சதவீதத்துக்கு மேல். சந்தைக்கு வருவது 500ஆ 550ஆ என்பதில் வரும் தவறு இந்த முடிவை அவ்வளவாக அசைக்காது. வெளியூர் நோய் நிலவரத்தில் வரும் தவறு முழுவதையும் புரட்டிவிடும். அப்படியானால் அடுத்து உழைக்க வேண்டியது தலை எண்ணுவதில் இல்லை. பக்கத்து மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவோடு வாராவாரம் பேசுவதில். பெங்களூருவில் இருக்கும் தேசிய கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு தருகிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எண் கிடைக்காத படிகளுக்குச் சொல்லால் மதிப்பிடலாம்: மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், அதிகம். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று அறிக்கையின் முன்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இங்கே பலரும் செய்வது சராசரி எடுப்பது: நுழைவு "குறைவு", தொற்று "அதிகம்", ஆகவே மொத்தம் "நடுத்தரம்" என்று. அது சரியில்லை. இரண்டும் அடுத்தடுத்து நடந்தால்தான் நோய் வரும் என்பதால் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும். பெருக்கினால் விடை இரண்டில் சிறியதைத் தாண்டாது. ஆக மொத்தம் "குறைவு"தான். ஆனால் இது ஒரு மாட்டுக்கான கணக்கா, மூன்று மாதத்தில் வரும் எல்லா மாடுகளுக்குமான கணக்கா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு மாட்டுக்கு "மிகக் குறைவு" என்பது ஆறாயிரம் மாட்டுக்கு "அதிகம்" ஆகிவிடும்.

முதல் அறிக்கையை மூன்று வாரத்தில் முடிக்கப் பாருங்கள். குறைகளோடு இருக்கட்டும், எந்தெந்த அம்புக்குறிக்கு ஊகத்தைப் பயன்படுத்தினீர்கள் என்று மட்டும் ஒளிக்காமல் எழுதுங்கள். முடிந்ததும் ஊர் வாரியான வரைபடத்தை உங்களுக்குத் தகவல் தந்த கால்நடை ஆய்வாளர்களுக்கும் பால் சங்கச் செயலாளர்களுக்கும் அனுப்பி வையுங்கள். தான் அனுப்பிய எண் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தவர்கள்தான் அடுத்த மாதமும், நோய் இல்லாத ஊருக்கு 0 போட்டு, மறக்காமல் அனுப்புவார்கள்.